கோட்டையைச் சுற்றி மூன்று நாடகம்: ஊரில் சரித்திர நாடகப் பருவம் நடத்தும் முறை

மட்டக்களப்பில் சரித்திர நாடகம் போட வேணும் என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "எந்த இடம்?" என்றுதான். எந்த ராசா என்று மறுகா கேட்கலாம். ராசாவிலிருந்து தொடங்கினால் முடி, சிம்மாசனம், மந்திரி என்று ஏற்கெனவே பார்த்துச் சலித்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இடத்திலிருந்து தொடங்கினால், பார்க்க வருகிறவர் அடுத்த நாள் காலையில் பஸ்ஸில் போகும்போது அந்தச் சுவரைத் திரும்பிப் பார்ப்பார். நாடகமும் அரங்கியலும் படிப்பித்து, கூத்து ஆடும் களமான களரியிலும் நின்று பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்: தனி நாடகம் ஒன்றுக்கு எந்தக் கதையும் போதும். ஒரு பருவத்துக்கு மூன்று நாடகம் என்றால் மூன்றையும் ஒரே இடத்தில் கட்டிப்போட வேணும்.

நாங்கள் எடுத்தது மட்டக்களப்பு ரவுனில் உள்ள புளியந்தீவுக் கோட்டை. நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கிய கட்டடம் என்பதால் காணி அலுவல், பிறப்புச் சான்றிதழ் என்று போகாத குடும்பம் குறைவு. ஆனால் அது யார் கட்டியது, யாரிடமிருந்து யார் பிடித்தது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். அந்த யோசனைதான் நமக்கு வேண்டிய நிலம். அம்பாறைப் பக்கத்துக் குழுவென்றால் கோட்டை தேவையில்லை. காரைதீவில் 1892இல் பிறந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலானந்த அடிகளின் வீடும் ஊரும் போதும். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபிறகு மாறிப்போன வயல்வெளியும் போதும்.

கதை பிரிப்பது

முதல் நாடகம் 1602. அந்த மே மாதக் கடைசியில் ஒல்லாந்தக் கப்பல்தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கடலில் நங்கூரம் போட்டான். இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தான். அப்போது கோட்டை இல்லை. கோட்டை இல்லாத மட்டக்களப்பைக் காட்டுவதுதான் முதல் நாடகத்தின் வேலை. சண்டை இல்லாத கதை. வந்தவன் யார், நம்பலாமா, என்ன கேட்கிறான் என்ற விசாரிப்பே முழுக்கதை. அதனால் இதைக் கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்றான தென்மோடியில் கட்டுங்கள். குழைவும் நிதானமும் அதில் உண்டு.

இரண்டாவதுதான் பருவத்தின் முதுகெலும்பு. போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினார்கள். பத்து வருடத்தில், 1638 மே 18ஆம் திகதி, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு வெஸ்டர்வோல்ட் என்ற தளபதியின் கீழ் வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து இதே மட்டக்களப்பில் உடன்படிக்கை ஒப்பமானது. பிடித்த கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டும் ஒல்லாந்தப் படை தங்கலாம் என்று மன்னன் கைக்குப் போன பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அந்த "மன்னன் விரும்பினால்" இல்லை. இதைவிட நல்ல நாடகக் கட்டம் யாரும் கற்பனையில் உண்டாக்க முடியாது. களரியின் இரண்டு பக்கத்தில் இரண்டு பேரை நிறுத்தி, ஒரே தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பாட விடுங்கள். அந்த இடம் வரும்போது ஒருவன் பாட வேணும், மற்றவன் வாயை மூட வேணும். மத்தளம் அந்த ஒரு தாளத்துக்கு நிற்கட்டும். விளக்கம் தேவையில்லை, சனம் பிடித்துக்கொள்ளும். கோட்டையைப் பிடிக்கிற கட்டம் மற்றப் பாணியான வடமோடி. அதில் கஞ்சத்தனம் வேண்டாம், துள்ளி ஆடட்டும்.

மூன்றாவது 1978 நவம்பர் 23, சூறாவளி. இதைக் கூத்தாகக் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். கூத்து உடுப்பான கரப்புடுப்பும் கிரீடமும் போட்டு, உயிரோடிருக்கும் ஒரு மனிசியின் கூரை பறந்த இரவை ஆடக்கூடாது. வசன நாடகம், சாதாரண சாறம், சேலை, ஒரு மத்தளம். ஆட்டமில்லாத நாடகம் மூன்றாவதாக வரும்போது, முதல் இரண்டிலும் ஆடிய கால்கள் நிற்பதே பெரிய சத்தமாகக் கேட்கும்.

பழைய ஏடும் நம்முடைய கட்டலும்

மட்டக்களப்பு மான்மியம் போன்ற பழைய நூல்களில் உலகநாச்சி, ஆடகசவுந்தரி, கலிங்க மாகோன் என்று நாடகத்துக்கு ஆசை காட்டும் பெயர்கள் இருக்கின்றன. ஆசை நியாயமானது. ஆனால் அந்த நூல்களில் குடிகளின், அதாவது தாய்வழிக் குலங்களின், தோற்றம், கோயில் முறை, யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் கலந்து கிடக்கின்றன. அவை இன்றைக்கும் கோயில் வாசலில் உயிரோடு இருக்கிற விசயங்கள். ஒரு குடியை உயர்த்தி ஒரு பாட்டுக் கட்டினால் அடுத்த திருவிழாவில் அதற்குப் பதில் வரும். முதல் பருவத்தில் அந்தக் கதைகளைத் தொடாமல் விடுங்கள். தொட்டே ஆக வேணும் என்றால், பாட்டு ஏறுவதற்கு முன் கோயில் நிர்வாகியான வண்ணக்கர், பூசகரான கப்புகனார், ஊர்ப் பெரியவர் எல்லாருக்கும் தனித்தனியாக வாசித்துக் காட்டுங்கள். கூட்டமாக வைத்து வாசித்தால் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பதிலேயே இரவு போய்விடும்.

ஏட்டில் உள்ளது எது, நாங்கள் கட்டியது எது என்பதைச் சனத்துக்குச் சொல்ல வேணும். இதற்குக் கூத்தில் பாத்திரங்களின் வரவை அறிவிக்கிற கட்டியக்காரன் இருக்கிறான். வரவு சொல்லும்போதே அவன் சொல்லட்டும்: இந்த ராசா வந்தது ஏட்டில் உண்டு, இந்த வண்ணார வீட்டுப் பொம்பிளை வந்தது எங்கள் கட்டல். நாடகம் கெட்டுவிடும் என்று இளையவர்கள் பயப்படுவார்கள். கெடாது. உண்மையைச் சொல்லிவிட்டு ஆடுகிறவனைச் சனம் அதிகம் நம்பும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் பரீட்சைத் தாளில் நம்முடைய கற்பனையை வரலாறாக எழுதிவைக்கிற ஆபத்தும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள்

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கூத்தில் "பறங்கி" என்றால் போர்த்துக்கேயன், எதிரி. மட்டக்களப்பு ரவுனில் பறங்கியர் என்றால் நம்மோடு படித்த, நம் வீட்டுக் கதவையும் கட்டிலையும் செய்து தந்த சனம். பழைய போர்த்துக்கேயத்திலிருந்து வந்த பேச்சு அந்த வீடுகளில் இன்னும் கேட்கிறது. அவர்களைக் கேட்காமல் இரண்டாவது நாடகத்துக்கு உடுப்புத் தைக்காதீர்கள். போய் உட்கார்ந்து, கதையைச் சொல்லி, அவர்களுடைய பாட்டு, ஆட்டம் ஒன்றைத் தர விருப்பமா என்று கேளுங்கள். வில்லன் வரவுக்கு அந்தப் பாட்டைப் போடக்கூடாது. கோட்டைக்குள் இருந்த சாதாரண வீடு ஒன்றின் கட்டத்துக்குப் போடுங்கள்.

முஸ்லிம் ஊர்களையும் அப்படியே. போர்த்துக்கேயர் தங்கள் பிடிக்குள் இருந்த முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் அவர்களில் பெருந்தொகையானோரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான். 4,000 பேர் என்று குறிப்பு உண்டு. அதாவது கோட்டை எழும்புவதற்கு முன்பே அவர்கள் இந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் 1628 கதையை ஆடினால் அது பாதிக்கதை. காத்தான்குடி, ஏறாவூரில் நாடகத்தில் ஆர்வமுள்ள ஆசிரியர்மார் இருக்கிறார்கள். பாட்டுக் கட்டும்போதே அழையுங்கள். எல்லாம் முடித்துவிட்டுப் பார்க்க மட்டும் கூப்பிடுவது மரியாதை இல்லை.

காலம் குறிப்பது

மழைக்காலம் எழுதுவதற்கு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை களரி சேறாகத்தான் கிடக்கும், வயல் வேலையும் உண்டு. அந்த மாதங்களில் பாட்டுக் கட்டுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் நெல்லும் நேரமும் இருக்கும்போது, மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ, சட்டம் கொடுங்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் முன்னால் முடிவாகிற நாள் அது. குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். பிள்ளையின் தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்குச் சட்டம் கொடுத்தால் நடுவில் படிப்பு, ரியூசன் என்று ஆள் நிற்காது.

அதன்பிறகு கிழமைக்கூத்து. கிழமையில் ஓர் இரவு முழுதாகப் பழகுவதும், மற்ற நாளில் தாளக்கட்டு மட்டும் பழகுவதும் நடக்கிற காரியம். தினமும் முழுக்கூத்து என்று வைத்தால் மேசன் வேலைக்குப் போகிற பொடியன் காலையில் எழும்ப மாட்டான். கால் தாளத்தில் உட்கார்ந்தபிறகே சதங்கை அணி. சதங்கையை முன்கூட்டிக் கட்டிவிட்டால் சத்தம் பிழையை மூடிவிடும். எனக்குப் படிப்பித்த அண்ணாவியார் சொல்வது இது: "மனே, சதங்கை இல்லாமல் கேட்கிற கால்தான் கால்." அவரிடம் வாதம் செய்தவர் யாரும் வென்றதில்லை.

வைகாசியில் நாள் குறிக்க வேண்டாம். கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, முடிவுச் சடங்கான குளிர்த்தி வரையும் ஊர்கள் அதிலேயே இருக்கும், ஆட்டக்காரர், பாட்டுக்காரர் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். கோட்டை விழுந்த திகதியென்று மே 18இல் இரண்டாவது நாடகத்தை வைக்கவும் சிலருக்கு ஆசை வரும். அந்த நாள் இப்போது நம் சனத்துக்குப் போரில் இறந்தவர்களின் நினைவுநாள். விளக்கேற்றுகிற வீட்டுக்குப் பக்கத்தில் மத்தளம் கேட்கக்கூடாது. ஆனி, ஆடியே நல்லது. பகலில் கச்சான் காற்று புழுதி வாரி அடித்தாலும் இரவில் களரி உலர்ந்து கிடக்கும். மாமாங்கத் திருவிழா ஆடி அமாவாசையில் தீர்த்தத்தோடு முடியும், அந்த நாட்களை மட்டும் விடுங்கள். மூன்று நாடகத்துக்கும் இடையில் இரண்டு கிழமையாவது இருக்கட்டும்.

களரியும் கடதாசியும்

முதல் இரண்டு நாடகத்துக்கும் மண்டபம் எடுக்காதீர்கள். வட்டக்களரி போடுங்கள்: நாலு பக்கமும் சனம், மேலே வெள்ளைத் துணி, நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டுக்காரரும், சுற்றி ஆட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கி எடுத்தது பெரிய காரியம். அதனால் நாட்டின் மற்றப் பகுதிகள் மட்டக்களப்புக் கூத்தைக் கண்டன, மௌனகுரு போன்ற கலைஞர்களும் அங்கிருந்து வந்தார்கள். ஆனால் நமக்கு நிலம் இருக்கிறது, வட்டத்தில் உட்காரத் தெரிந்த சனமும் இருக்கிறது. வட்டத்தில் இன்னொரு வசதி: இரண்டு பிரதி வாசிக்கிற கட்டத்தில் ஒருவனைப் பார்க்கிறவருக்கு மற்றவன் முதுகுதான் தெரியும். அந்தக் கதையின் நியாயமும் அதுதான்.

விடியும் வரை ஆடுவது இப்போது கடினம். இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுப்பது இலேசான காரியமில்லை. ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்கக்கூடியதாகப் பாட்டை அளவாகக் கட்டுங்கள். நீட்டி ஆட ஆசையென்றால் ஒலிபெருக்கி இல்லாமல் ஆடுங்கள். நல்ல பிற்பாட்டுக்காரர் நாலு பேர் நின்றால் சின்னக் களரிக்குப் போதும். ரிக்கற் போட்டு ஆடும் நாடகமென்றால் 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பிரதியை முன்கூட்டியே அனுப்பி அனுமதி எடுக்க வேணும். அதற்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பாக விடுங்கள், அண்ணாவியாரை அலைய விடாதீர்கள்.

காசுக்கு வர்த்தகரின் பெயர்ப்பலகையைக் களரிக்குள் கட்ட வேண்டாம், வெளியே வாசலில் கட்டுங்கள். நெல்லாகவும் தேங்காயாகவும் தருகிறவர்களிடம் அப்படியே வாங்குங்கள். கிழமைக்கூத்து இரவுகளின் தேத்தண்ணி, சாப்பாட்டுச் செலவு அதில் அடங்கிவிடும்.

சூறாவளி நாடகத்துக்குக் கதை எடுப்பது

இதற்குப் பிரதி எழுதுகிறவர் வீட்டில் உட்கார்ந்து எழுதக்கூடாது. அறுபது வயது கடந்தவர்களிடம் போக வேணும். ரெக்கோடரை முதல் நாளே வைக்காதீர்கள். முதல் நாள் பேச்சுக்கு மட்டும். "எத்தனை பேர் செத்தார்கள்" என்று கேட்காமல், "அன்றைக்குப் பின்னேரம் என்ன சமைத்தீர்கள்?" என்று கேளுங்கள். சமையலில் தொடங்கினால் காற்று, கூரை, தென்னை, கிணறு, அடுத்த நாள் வெளிச்சம் என்று வரிசையாக அவர்களே சொல்வார்கள். அழுதால் நிறுத்துங்கள், அன்றைக்கு மீண்டும் கேட்க வேண்டாம்.

சொன்னதை எழுதியபிறகு அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். பெயரை மாற்றுங்கள். அரங்கேற்றத்தன்று அவர்களை முன்வரிசையில் பாயில் இருத்தாமல், கதிரை போட்டு, போக நினைத்தால் எழும்பிப் போகக்கூடிய ஓரத்தில் இருத்துங்கள். பக்கத்தில் ஒரு மகளோ பேத்தியோ இருக்கட்டும்.

நடிக்கிற பிள்ளைகள் சூறாவளியைக் காணாதவர்கள். அவர்கள் கண்டது 2004 சுனாமிக் கடல். சிலருக்கு அதுவும் தாய் சொல்லிக் கேட்டது. ஒத்திகையில் அந்தக் கதை தானாக வரும். வரட்டும், பேச விடுங்கள், ஆனால் இந்த நாடகத்துக்குள் சேர்க்காதீர்கள். அதற்கு இன்னொரு பருவம் வேணும்.

முடிந்தபிறகு

அரங்கேற்றம் முடிந்ததும் மரபில் வீட்டுக்கு வீடு ஆடப் போவார்கள். அதைப் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடமாக மாற்றுங்கள். முழுநாடகம் வேண்டாம், இரண்டு பிரதி வாசிக்கிற கட்டம் ஒன்றே போதும். சாதாரண தரப் பரீட்சைக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கிற பிள்ளைகளுக்கு வடமோடி, தென்மோடி வித்தியாசத்தைக் காலால் காட்டலாம். வரலாறு படிப்பிக்கிற ஆசிரியரையும் அதே வகுப்புக்கு அழையுங்கள். பாட்டுப் பிரதியில் ஒன்று அண்ணாவியார் வீட்டில், ஒன்று பள்ளிக்கூட நூலகத்தில், ஒன்று கதை சொன்ன மனிசியின் வீட்டில் இருக்க வேணும். அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் சன்மானத்தை அரங்கேற்றத்தன்று மேடையில் அறிவித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றிரவே, வேட்டி சால்வையோடு, கையில் கொடுங்கள்.