வரைபடத்தில் இல்லாத மாடி: பழைய வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

பழைய தனி வீடு வாங்கப் போகிறவர்கள் தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டுகிறார்கள். "எல்லாம் சரி" என்று அவர் சொன்னதும் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. இதுதான் முதல் தவறு. இந்த மூன்றும் சொத்து யாருடையது என்பதைச் சொல்பவை. மேலே நிற்கும் கட்டடம் அனுமதியோடு எழுப்பப்பட்டதா என்பதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்லாது.

கேள்வி கேட்டால், விற்பவர் சொத்து வரி ரசீதை எடுத்து நீட்டுவார். "மாடிக்கும் சேர்த்துத்தான் வரி கட்டுகிறோம், தனி மீட்டர்கூட இருக்கிறது" என்பார். கட்டடம் இருக்கிறது என்பதற்காக வரி வாங்குகிறார்கள். வரி கட்டியதால் அனுமதி வந்துவிடாது. மீரட் நகரக் கட்டடம் ஒன்று தொடர்பான வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது என்றோ அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்றோ சொல்லி விதிமீறலைக் காப்பாற்ற முடியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "இருபது வருடமாக யாரும் வந்து கேட்டதில்லை" என்ற தரகரின் சமாதானத்துக்கு அதற்குப் பிறகு என்ன மதிப்பு?

கேட்டு வாங்க வேண்டியது அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தின் நகல். தொலைந்துவிட்டது என்றால், உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். வரைபடம் கிடைத்ததும் அதை வீட்டுக்கே எடுத்துச் சென்று, அளவு நாடாவோடு சுற்றி வாருங்கள். பக்கவாட்டில் ஐந்து அடி இடைவெளி என்று வரைந்திருக்கும். நேரில் பார்த்தால் சமையலறையை நீட்டி, சுவரைக் காம்பவுண்டுக்கு ஒட்டியே எழுப்பியிருப்பார்கள். வரைபடத்தில் மொட்டைமாடி, நேரில் கழிப்பறையோடு இரண்டு அறைகள், வாடகைக்கு ஆள்கூட இருக்கும். கார் நிறுத்தும் இடம் கடையாகியிருக்கும். கீழே அகலமாக வரும் படிக்கட்டு, கடைசி மாடிக்கு மட்டும் குறுகலான இரும்புப் படியாக மாறினால், அந்த மாடி பிறகு ஏற்றப்பட்டதா என்று கேட்டே ஆகவேண்டும். ஒரு மாடிக்கென்று போட்ட அஸ்திவாரமும் தூண்களும் இன்னொரு மாடியைத் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் வாய்வார்த்தை இதற்குப் போதாது. அங்கே உறங்கப் போவது உங்கள் பிள்ளைகள்.

பலர் ஏமாறும் இடம் 'வரன்முறை', அதாவது அனுமதியில்லாமல் கட்டியதைப் பிறகு சட்டப்படி ஏற்கச் செய்வது. "வாங்கிய பிறகு பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம்" என்பார்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இல் 113-சி பிரிவு கொண்டுவந்த சலுகை, 2007 ஜூலை 1 அன்றோ அதற்கு முன்போ கட்டப்பட்ட கட்டடங்களுக்கு மட்டுமே. 2016 அக்டோபர் 20 என்ற தேதியைச் சிலர் காட்டுவார்கள். அது அங்கீகாரமில்லாத மனைகளுக்கான திட்டத்தின் தேதி. மனை வரன்முறையானதால் அதன்மேல் ஏற்றிய மாடி வரன்முறையாகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை இழக்காதீர்கள்.

அடுக்குமாடியில், அனுமதியில்லாத மேல்தளத்து வீட்டை விலை குறைவு என்று வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தளத்தை அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தாலோ இடித்தாலோ, உங்களிடம் மிஞ்சுவது பிரிக்கப்படாத நிலத்தில் ஒரு சிறு பங்கு மட்டும்தான். நோட்டீஸ் வரும்போது, கட்டி விற்றவர் ஊரில்கூட இருக்கமாட்டார்.

தனி வீட்டில் தகரக் கொட்டகை போன்ற சின்ன விலகல் என்றால், அதை அகற்றும் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக் கேட்கலாம். கூடுதல் அறைகளுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்காதீர்கள்; அனுமதி பெற்ற பரப்புக்கு மட்டும் விலை பேசுங்கள். வங்கி மதிப்பீட்டாளரும் பெரும்பாலும் அதையே கணக்கில் எடுப்பார். ஆகவே கடன் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். "பிற்காலத்தில் பிரச்சினை வந்தால் விற்பவரே பொறுப்பு" என்று எழுதி வாங்குவது நல்லதுதான். ஆனால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான பேச்சு. நடவடிக்கை எடுக்க வரும் அதிகாரியை அது கட்டுப்படுத்தாது. இழப்பீட்டுக்கு நீங்கள்தான் நீதிமன்றப் படியேற வேண்டும்.