தோற்ற அணியில் கேப்டனை மாற்றும் முறை: கடற்கரைக் கபடிக் குழுக்களுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், ஊரில் ஆள் இருக்கும், டோர்னமென்ட்டும் இருக்கும். அரையிறுதியில் தோற்றுத் திரும்பும் வேனிலேயே "கேப்டனை மாத்துங்கடா" என்று தொடங்கிவிடுவார்கள். மாற்றலாம், தப்பில்லை. ஆனால் மாற்றுகிற விதம் சரியில்லையென்றால் அடுத்த சீசனுக்கு ஏழு பேர் தேறுவதே கஷ்டம்.

இதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2010க்கும் 2018க்கும் நடுவில் பதவியிலிருந்த நான்கு பிரதமர்களை (ரட், கில்லார்ட், அபோட், டர்ன்புல்) அவரவர் கட்சிக்காரர்களே இறக்கினார்கள். 2018 ஆகஸ்ட் 18 அன்று சிட்னியில் ஆஸ்திரேலிய ரக்பி அணி நியூசிலாந்திடம் 13-38 என்று தோற்றது. 21ஆம் தேதி பிரதமர் டர்ன்புல் கட்சிக்குள் நடந்த 48-35 ஓட்டில் பதவியைக் காப்பாற்றிக்கொண்டார். 24ஆம் தேதி அதுவும் போய், மாரிசன் வந்தார். மறுநாளே ஆக்லாந்தில் ரக்பி அணி மறுபடி 12-40 என்று தோற்றது. இந்த இரண்டு நாடும் ரக்பியில் மோதும் பிளெடிஸ்லோ கோப்பையோ 2003 முதல் நியூசிலாந்து கையில். ஜனங்கள் எரிச்சல்படாமல் என்ன செய்வார்கள்?

கேப்டன் மேல் கை வைக்கும் முன் ஆட்டத்தை எழுதிப் பாருங்கள். வேன் கூரையில் உட்கார்ந்து ஒருவர் செல்போனில் படம் எடுத்திருந்தால் போதும். ஒரு ரெய்டுக்கு (எதிர்க்களத்துக்குப் பாடிப் போவதற்கு) 30 விநாடி, ஆட்டம் 40 நிமிடம். எண்பது ரெய்டு வரை வரும். நோட்டில் ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரி: யார் போனார், புள்ளியா காலியா பிடிபட்டாரா, எந்தக் கார்னரில், அப்போது எதிரே எத்தனை பேர், ஸ்கோர் என்ன. பிறகு நாம் புள்ளி இழந்த வரிகளை இரண்டாகப் பிரியுங்கள். யாரை அனுப்புவது, எப்போது டைம்-அவுட் கேட்பது, யாரை மாற்றி இறக்குவது என்பதெல்லாம் கேப்டன் கணக்கு. எதிரே மூன்று பேர் மட்டும் நிற்கும்போது களைத்துப்போன ரெய்டரையே திரும்ப அனுப்பி, சூப்பர் டேக்கிளில் (மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரெய்டரைப் பிடிப்பது) கூடுதல் புள்ளி கொடுத்தால் அதுவும் அவர் கணக்குத்தான். கணுக்கால் பிடி நழுவியது, போனஸ் கோட்டைக் கால் தாண்டவில்லை என்பவை அவர் கணக்கில் வராது.

நம் பக்கம் அடிக்கடி நடப்பது இன்னொன்று. மணலில் பழகிய அணி மேட்டில் (கபடிக்கு விரிக்கும் மெத்தை விரிப்பில்) ஆடப் போகும். மணல் காலை இழுத்துப் பிடிக்கும், திரும்புவதற்கு நேரம் கிடைக்கும். மேட்டில் எதிராளி அதைவிட வேகமாகத் திரும்புவார், வெறுங்காலில் ஆடுகிறவருக்கு வழுக்கவும் செய்யும். ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர்கள் இரண்டு பேரும் அரை விநாடி பிந்துவார்கள். இந்த நோய்க்குக் கேப்டனை மாற்றி எந்தப் பயனும் இல்லை. மேட் ஷூ வாங்கி, வாரத்தில் இரண்டு நாளாவது கெட்டித் தரையில் பழக வேண்டும்.

நோட்டைப் பார்த்த பிறகும் கேப்டன் முடிவுகள்தான் காரணம் என்று தெரிந்தால் கூட்டம் போடுங்கள். நீக்குவதற்கு எத்தனை ஓட்டு வேண்டும் என்பதைத் தோற்பதற்கு முன்பே, சீசன் தொடக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். டர்ன்புல்லை இறக்கிய ஓட்டு 45-40. மூன்று பேர் மனம் மாறியிருந்தால் முடிவே தலைகீழ். அவ்வளவு சின்ன வித்தியாசத்தில் வருகிற தலைவரை நாற்பது பேர் முதல் நாளிலிருந்தே முறைத்துக்கொண்டிருப்பார்கள். ரட், கில்லார்டின் தொழிற்கட்சி 2013இலேயே பிரதமரை நீக்க நாடாளுமன்ற உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் மனு கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தது. அபோட், டர்ன்புல்லின் லிபரல் கட்சி சூடுபட்ட பிறகு, 2018 டிசம்பரில், மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தது. உங்கள் குழுவில் 24 பேர் என்றால் சாதாரணப் பெரும்பான்மை 13, மூன்றில் இரண்டு 16, முக்கால் 18. பதினாறு சரியான அளவு. பதினெட்டு வைத்தால் கேப்டனின் அண்ணன் தம்பி, மச்சான் சேர்ந்தே தடுத்துவிடலாம்.

கூட்ட நாளில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு போகும் நாள் வேறு, நாட்டுப்படகு போகும் நாள் வேறு. இதைப் பார்க்காமல் நாள் குறித்தால் ஒரு தரப்பு மட்டும் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகும், மறுதரப்பு கரைக்கு வந்து சண்டை பிடிக்கும். வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை பூசை. இரண்டையும் தவிர்த்து, தடைக்காலத்தில் ஒரு மாலை நேரம் நல்லது. ஏழு நாள் முன்னறிவிப்பு, கையெழுத்துடன். வாட்ஸ்அப் குழுவை அதுவரை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள்.

இரண்டு கேள்வியையும் தனித்தனியே ஓட்டுக்கு விடுங்கள். பதவியைக் காலியாக்குவதா என்பது முதலில். காலியானால் மட்டும் யார் என்பது. ஒரே அளவில் வெட்டிய சீட்டு, ஒரே பேனா, மூடிய டப்பா. மூன்று பேர் நின்றால் குறைந்த ஓட்டு வாங்கியவரை விலக்கி மறுபடி ஓட்டெடுங்கள். 2018இல் டர்ன்புல்லின் இடத்துக்கு மூன்று பேர் நின்ற ஓட்டெடுப்பில் முதல் சுற்று டட்டன் 38, மாரிசன் 36, பிஷப் 11. அத்தோடு நிறுத்தியிருந்தால் டட்டன்தான் பிரதமர்.

டோர்னமென்ட்டுக்கு ஒரு மாதத்துக்குள் மாற்றவே வேண்டாம். 2023 ஜனவரியில், ரக்பி உலகக் கோப்பை அதே ஆண்டு செப்டம்பரில் என்றிருக்கும்போது, ஆஸ்திரேலியா பயிற்சியாளர் ரென்னியை அனுப்பிவிட்டு எடி ஜோன்ஸைக் கொண்டுவந்தது. அவர் முன்னாள் கேப்டன் மைக்கேல் ஹூப்பர் போன்ற பழைய கையையும் விட்டுவிட்டுப் போனார். பிஜியிடம் 15-22, வேல்ஸிடம் 6-40 என்று தோற்றார்கள். முதல் சுற்றையே தாண்டாதது அந்த அணிக்கு அதுதான் முதல் தடவை. போட்டி முடிந்த கையோடு ஜோன்ஸும் விலகினார். ஆகவே கேப்டன் பட்டம் போனாலும் பழையவரை ஏழு பேரிலிருந்து தூக்காதீர்கள். ரெய்டு யார் போவது என்று இரண்டு ஆட்டத்துக்காவது அவரிடம் கேளுங்கள்.

அன்றைக்கே ஒரு தாளில் ஒப்படைப்பு எழுதுங்கள்: ஜெர்சி எத்தனை, மேட், முதலுதவிப் பெட்டி, கையிருப்புப் பணம், நுழைவுக் கட்டணம் கட்டிய ரசீதுகள். வங்கிக் கணக்கில் பழைய கேப்டன் கையெழுத்து இருந்தால் தீர்மான நகலுடன் அவரையும் கூட்டிக்கொண்டு போய் மாற்றுங்கள். அவர் கோபத்தில் தொழிலுக்குக் கிளம்பிவிட்டால் பணம் அங்கேயே நிற்கும். பதிவு செய்த சங்கமானால், நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் தாக்கல் செய்ய வேண்டும்.