உங்கள் மோட்டார் இண்டக்ஷனா, சிங்க்ரனஸா? ஆர்பிஎம்மைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி

மோட்டாரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, நேம் பிளேட்டில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று போட்டிருக்கும் எண்ணை முதலில் பாருங்கள். அம்மாப்பேட்டை தறிக்கூடமோ, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலையோ, ஏற்காட்டில் காபிப் பழம் உரிக்கும் பல்பரோ, பெரும்பாலும் 1440, 960, 2880 என்று கொஞ்சம் குறைபட்ட எண்ணாகத்தான் இருக்கும், அது இண்டக்ஷன். 1500, 1000, 3000 என்று முழுசாக இருந்தால் அது வேறு ரகம், சிங்க்ரனஸ். 1500க்கும் 1440க்கும் நடுவே விடுபட்ட அந்த 60 சுற்று எங்கே போனது என்று தெரிந்துவிட்டால் பாதி மோட்டார் புரிந்த மாதிரிதான்.

முழு எண் வரும் கணக்கு இதுதான்: 120ஐ ஃப்ரீக்வென்சியால் பெருக்கி, காயில் உண்டாக்கும் காந்தத் துருவங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நம் கரண்டின் ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. 2 துருவம் என்றால் 3000, நான்கு என்றால் 1500, ஆறு என்றால் 1000. இது ரோட்டாரின் (உள்ளே சுற்றும் பாகம்) வேகம் இல்லை, ஸ்டேட்டர் (அசையாமல் நிற்கும் பாகம்) காயிலுக்குள் சுழலும் காந்தப்புலத்தின் வேகம். மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வருவதால் இரும்பு அசையாமலேயே புலம் மட்டும் சுற்றுகிறது. எதாவது இரண்டு பேஸ் ஒயரை மாற்றிக் கொடுத்தால் புலம் எதிர்த்திசையில் சுற்றும், மோட்டாரும் அப்படியே. இதுவரை இரண்டு ரகத்துக்கும் வித்தியாசம் இல்லை. எல்லாம் ரோட்டாரில்தான் இருக்கிறது.

காயில் கட்டும் பட்டறையில் கழற்றிப் போட்டிருக்கும் இண்டக்ஷன் ரோட்டாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒயரே இருக்காது. இரும்புத் தகடுகளை அடுக்கி, துளைகளில் அலுமினியத்தை உருக்கி ஊற்றி, இரண்டு முனையிலும் வளையமாகச் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த அலுமினியக் கோடுகள் நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்து போகும். நேராக இருந்தால் மோட்டார் இரைச்சல் போடும், தயங்கித் தயங்கிக் கிளம்பும். வெளியிலிருந்து இதற்குக் கரண்ட் கொடுப்பதே இல்லை. புலம் இந்தக் கம்பிகளை வெட்டிக்கொண்டு போகும்போது அதிலேயே கரண்ட் பிறக்கிறது, அந்தக் கரண்ட் காந்தமாகி புலத்தின் பின்னாலேயே ஓடுகிறது. ஆனால் புலத்தை எட்டிப் பிடிக்கக் கூடாது. பிடித்துவிட்டால் வெட்டு நின்றுவிடும், கரண்ட் போய்விடும், இழுவையும் போய்விடும். ஆகவே எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். அந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப். 1500க்கு 1440 என்றால் 4 சதவீதம்.

இதை வைத்து ஒரு உபயோகமான வேலை செய்யலாம். ஷாஃப்டில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தொடாமல் சுற்று வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டரைக் காட்டுங்கள். நேம் பிளேட்டில் உள்ள 1440 முழு லோடு வேகம்; சும்மா ஓடினால் 1490ஐத் தாண்டி நிற்கும். ஓடும்போது 1470 காட்டினால் 60ல் 30 தான் பின்தங்கியிருக்கிறது, அதாவது சுமார் பாதி லோடு. 1430 காட்டினால் மோட்டார் திணறுகிறது, பெல்ட்டையும் பேரிங்கையும் பாருங்கள். ஓல்டேஜ் சரியாக இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு பலிக்கும், அப்புறம் கரண்ட் 49.9 ஹெர்ட்ஸில் இருந்தால் 1500 என்பதே 1497 ஆகிவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒயரைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரில் ஆம்பியரையும் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ஓல்டேஜ் குறைந்தால் இழுவை அதன் வர்க்கத்தில் குறையும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 350 வந்தால் இழுவை 71 சதவீதம்தான். லோடு குறையவில்லையே, அதனால் ஸ்லிப் கூடும், ஆம்பியர் ஏறும், காயில் சுடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனாலோ இன்னும் மோசம்: மோட்டார் நிற்காது, மிச்ச இரண்டு பேஸிலிருந்து கூடுதலாக இழுத்துக்கொண்டு ஓடி எரிந்துபோகும். லோடு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும், ஒரு பேஸ் போனால் நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவெண்டரும் இல்லாமல் ஓட்டுவது பணத்தை மிச்சம் பிடிப்பது ஆகாது. ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: மோட்டாரின் ரேட்டிங் 1000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெயில் வரைக்கும் போட்டது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர், காற்று மெலிசு, குளிர்ச்சி குறையும். மேலே 40 டிகிரியே வராததால் அது சரியாகிவிடுகிறது. மோட்டாரின் ஃபேன் மூடியில் காபித் தோல் அடைத்துக்கொள்வதுதான் அங்கே நிஜமான எதிரி.

சிங்கிள் பேஸ் மோட்டாரில் சுழலும் புலம் தானாக வராது, துடிக்கத்தான் செய்யும். அதனால்தான் கண்டென்சர் (கெபாசிட்டர்). மோட்டார் உறுமுகிறது, கிளம்பவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். உடனே ஆஃப் செய்யுங்கள், கையால் சுற்றிவிட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். கண்டென்சரைத் தொடும் முன் ஒரு குண்டு பல்பை அதன் இரண்டு முனையிலும் வைத்துச் சார்ஜை இறக்கிவிடுங்கள்.

இனி சிங்க்ரனஸ். இதில் ரோட்டாரே தன்னளவில் காந்தம்: ஒன்று நிரந்தரக் காந்தம் பதித்திருப்பார்கள், இல்லை டிசி கரண்ட் கொடுத்துக் காந்தமாக்குவார்கள். ஸ்டேட்டர் புலத்தோடு பூட்டிக்கொண்டு அதே வேகத்தில் சுற்றும், ஸ்லிப் பூஜ்யம். லோடு ஏறினால் வேகம் குறையாது, ரப்பர் கயிறு கட்டி வண்டி இழுக்கும்போது கயிறு நீள்வது போல ரோட்டார் கொஞ்சம் கோணத்தில் பின்னால் சாயும். அளவுக்கு மீறினால் பூட்டு அறுந்து, தடதடவென்று அதிர்ந்து நின்றுவிடும். இதன் பெரிய தொல்லை கிளம்புவது. நிற்கும் ரோட்டாரை 1500 சுற்றில் ஓடும் புலம் ஒரு தடவை முன்னே இழுக்கும், அடுத்த கணம் பின்னே தள்ளும், கூட்டிக்கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ரோட்டாரின் முகத்திலேயே தாமிரக் கம்பிகளைப் பதித்து முதலில் இண்டக்ஷன் மோட்டாராகக் கிளப்பி, வேகம் பிடித்த பிறகு டிசி கொடுத்துப் பூட்டுவார்கள். இப்போது பல இடங்களில் டிரைவ் என்ற எலக்ட்ரானிக் பெட்டியை வைத்து ஃப்ரீக்வென்சியையே கீழிருந்து ஏற்றுகிறார்கள்.

அப்படியானால் யார் இதை வாங்குவார்கள்? ரோட்டாருக்கான டிசியைக் கூட்டிக்கொடுத்தால் இது ஆலையின் பவர் ஃபேக்டரை (இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு நிஜ வேலைக்குப் போகிறது என்ற கணக்கு) உயர்த்தும், இண்டக்ஷன் மோட்டாரால் அது முடியவே முடியாது. பெரிய கம்பிரசர், பெரிய பம்ப் இருக்கும் ஆலைகளில் பொருந்தும். நம் அளவு ஆலைக்குக் கெபாசிட்டர் பேனல் போதும், சிங்க்ரனஸ் தேடி அலைய வேண்டாம். மேட்டூர் அணையில் கரண்ட் எடுக்கும் ஜெனரேட்டரும் இதே எந்திரம்தான், தண்ணீர் சுற்றுகிறது, கரண்ட் வெளியே வருகிறது. வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் தலா 100 மெகாவாட்டில் நான்கு இருக்கின்றன. தேவை அதிகமான நேரத்தில் ஜெனரேட்டர், கரண்ட் மிஞ்சும் நேரத்தில் அதே எந்திரம் மோட்டாராகித் தண்ணீரை மேலே ஏற்றும்.

வீட்டில் பார்க்கலாம். பழைய சீலிங் ஃபேன் இண்டக்ஷன், ரோட்டார் வெளியே சுற்றும். ரெகுலேட்டர் ஓல்டேஜைக் குறைக்கிறது, ஸ்லிப் கூடி வேகம் இறங்குகிறது. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) ஃபேன் அடிப்படையில் நிரந்தரக் காந்த சிங்க்ரனஸ், உள்ளே ஒரு போர்டு அதற்கு வேண்டிய ஃப்ரீக்வென்சியை உண்டாக்குகிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டுக்குப் பக்கத்தில் முடித்துவிடும், ஆனால் பழைய ரெகுலேட்டரை நடுவில் விடாதீர்கள், போர்டு கெடும். மைக்ரோவேவில் தட்டு ஒரு நாள் வலமாகவும் ஒரு நாள் இடமாகவும் சுற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். அது குட்டி சிங்க்ரனஸ் மோட்டார், எந்தப் பக்கம் பூட்டு விழுகிறதோ அந்தப் பக்கம் கிளம்பிவிடும். வெட் கிரைண்டர் இண்டக்ஷன். மிக்சியை மட்டும் இரண்டிலும் சேர்க்காதீர்கள், கார்பன் பிரஷ் வைத்த அது வேறு குடும்பம், அதன் வேகத்துக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது.