புகைப்போர் கணக்கு: ஏழை, பணக்காரர் என்று பிரிக்கும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வயதுவந்தோரில் 11.5 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். வருமானம் குறைந்தவர்களிடையே இது 18.3, வசதி மிகுந்தவர்களிடையே 6.7. கோவையில் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னால், ஏழைகள்தான் அதிகம் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அமெரிக்காவுக்கு அது சரி. நம் ஊருக்கு அப்படியே பொருத்துவதுதான் முதல் தவறு.

இங்கே கூலிக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் பீடி. 2016-17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்திய அளவில் சிகரெட் பிடிப்போர் 4 சதவீதம், பீடி பிடிப்போர் 7.7 சதவீதம். மெல்லுவது, வாயில் ஒதுக்குவது போன்ற புகையில்லாப் புகையிலை 21.4 சதவீதம். சிகரெட்டை மட்டும் எண்ணினால் சோமனூர்த் தறிக்காரர் பலர் கணக்குக்கே வரமாட்டார்கள். வேலையிடமும் பழக்கத்தை மாற்றுகிறது. பஞ்சு பறக்கும் நூற்பாலைக்குள் தீப்பெட்டி கொண்டுபோக முடியாது. பழக்கம் உள்ளவர் கடைவாயில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு இயந்திரத்தைப் பார்ப்பார். அவரிடம் போய்ப் புகைப்பீர்களா என்று கேட்டால், இல்லை என்பார். பொய்யும் இல்லை.

இந்தச் சதவீதங்களைக் கூட்டிவிடவும் கூடாது. அதே கணக்கெடுப்பில் புகைப்போர் 10.7, மெல்லுவோர் 21.4 என்றால் மொத்தம் 32.1 அல்ல, 28.6தான். இரண்டும் செய்பவர் இரண்டு இடத்திலும் இருக்கிறார்.

சராசரியும் ஏமாற்றும். புகைப்போர் 10.7 சதவீதம் என்பது சராசரி; ஆண்களில் 19 சதவீதம், பெண்களில் 2 சதவீதம். திருப்பூரில் வெளியூர் இளைஞர்கள் அறைக்கு ஆறேழு பேராகத் தங்கும் லைன் வீடுகளையும், வசதியான குடும்பங்கள் வசிக்கும் கோவை ரேஸ்கோர்ஸ் தெருவையும் ஒப்பிட்டு, வருமானத்தால் வந்த வித்தியாசம் என்று எழுதினால் அது வருமானக் கணக்கே ஆகாது. ஆண்கள் எத்தனை பேர், வயது என்ன என்ற கணக்கு. ஆணோடு ஆணை, அதே வயதுக்காரரோடு வைத்துப் பார்த்த பிறகுதான் வருமானத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பெண்களின் எண்ணிக்கையைப் படிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்க, மருமகளிடம் புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டு என்ன பதில் வரும்? மாமியாரின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கோடு புகையிலைக் காம்பும் இருக்கும். ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி, தனியாகக் கேட்டால்தான் அது பதிவாகும்.

வருமானத்தைக் கேட்டு அறிவது அதைவிடச் சிரமம். பொள்ளாச்சியில் பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், வருமானமா, உரக்கடைக் கடன்தான் இருக்கிறது என்பார். தேசியக் குடும்பநல ஆய்வு வருமானத்தைக் கேட்காமல் வீட்டின் தரம், வண்டி, தொலைக்காட்சி போன்றவற்றைப் பார்த்து வசதியை அளப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆகவே எந்த ஆய்வு எதை வருமானம் என்கிறது என்று பார்க்காமல் இரண்டை அருகருகே வைப்பது வீண்.

பெரிய தவறு, ஏழைக்குக் கட்டுப்பாடு இல்லை என்று முடிவு கட்டுவது. அமெரிக்காவில் 1965இல் வயதுவந்தோரில் 42.4 சதவீதம் பேர் புகைத்தார்கள். பணக்காரர்களும் தாராளமாகத்தான் ஊதினார்கள். பிறகு படித்தவர்களும் வசதியானவர்களும் முந்திக்கொண்டு புகைப்பதை விட்டார்கள். இன்றைய இடைவெளியில் பெரும்பகுதி, யாரால் விட முடிந்தது என்பதைக் காட்டுகிறது. பகல் நேரத்தில் மட்டும் ஆலோசனை தரும் மருத்துவமனைக்குப் போக, பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் போகும். சங்கத்திலோ கம்பெனியிலோ இதைப் பற்றிப் பேசப்போகிறவர்கள், இந்தக் கணக்குகளோடு, புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற மத்திய அரசின் இலவச உதவி எண்ணையும் ஷிப்ட் மாறும் இடத்தில் எழுதி ஒட்டலாம்.