எஸ்டிஎம்32 போர்டிலிருந்து பிங் அனுப்ப: செக்சம்மில்தான் சிக்கல்

போர்டுக்கு ஐபி முகவரி கிடைத்துவிட்டது, கணினியிலிருந்து பிங் அடித்தால் பதிலும் வருகிறது. இனி போர்டே பிங் அடிக்க வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டது நியூக்ளியோ எஃப்429இசட்ஐ போர்டு, எல்டபிள்யூஐபி (சிறிய சாதனங்களுக்கான நெட்வொர்க் நூலகம்), ஃப்ரீஆர்டிஓஎஸ் (டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம்).

சாக்கெட் வழியாகவும் செய்யலாம். ஆனால் பதிலுக்காகவே ஒரு டாஸ்க் ஸ்டாக்கைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடக்கும். எல்டபிள்யூஐபியின் ரா ஏபிஐதான் (காத்திருக்காமல், பதில் வந்ததும் நம் ஃபங்ஷனை அழைக்கும் முறை) என் தேர்வு.

படி 1: எல்டபிள்யூஐபி_ரா அமைப்பை 1 ஆக்குங்கள். ரா_நியூ மூலம் ஐசிஎம்பிக்கு (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) ஒரு பிசிபி (அதன் விவரங்களை வைத்திருக்கும் கட்டமைப்பு) எடுத்து, பதில் வந்தால் ஓடவேண்டிய ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை, ரா_ரெசிவ்-இல் கொடுங்கள்.

படி 2: 40 பைட்டுக்கு ஒரு பிபஃப், அதாவது பாக்கெட்டை வைக்கும் நினைவகத் துண்டு (பிபஃப்_ராம் வகை). முதல் 8 பைட் ஹெடர், மீதி 32 டேட்டா. டைப் 8, கோட் 0 (பிங் கோரிக்கை என்று பொருள்). அடையாள எண்ணுக்கு 44975 வசதி: இரண்டு பைட்டும் 175 என்பதால் பைட் வரிசை புரண்டாலும் அதே எண்தான். வரிசை எண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. எச்டிஒஎன்எஸ் (எண்ணை நெட்வொர்க்கின் பைட் வரிசைக்கு மாற்றுவது) போட மறந்தால் 1 என்பது 256 ஆகப் போகும்.

படி 3: செக்சம், அதாவது பாக்கெட் வழியில் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண். பலரும் மாட்டுவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல் செக்சம்மைக் கணக்கிட்டு எழுதிவிடும். கியூப்எம்எக்ஸ்-இல் (எஸ்டிஎம்32 அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள்) வன்பொருள் செக்சம் இயங்கினால், சிப்பின் ஈதர்நெட் பகுதி அந்தச் செக்சம் புலத்தையும் சேர்த்துக் கூட்டும். சரியான செக்சம் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் கூட்டல் முழுக்க ஒன்றுகளாகி, அதன் தலைகீழான சைபர் வெளியே போகும். எதிர்முனை சத்தமில்லாமல் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) செக்சம் சைபர், 'தவறு' என்று தெரிந்தால் காரணம் இதுதான். ஒன்று, புலத்தைச் சைபராகவே விட்டு வன்பொருளிடம் கொடுங்கள்; அல்லது வன்பொருள் செக்சம்மை அணைத்துவிட்டு நீங்களே கணக்கிடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

படி 4: ரா_செண்ட்டு மூலம் அனுப்புங்கள். அனுப்பியதும் பிபஃப்_ஃப்ரீ கட்டாயம். ரா_செண்ட்டு பிபஃப்பைத் தானாக விடுவிக்காது. மறந்தால் சில நூறு பிங்குக்குள் நினைவகம் தீர்ந்துவிடும்.

கால்பேக்கில் வரும் பாக்கெட்டின் முன்னால் 20 பைட் ஐபி ஹெடரும் இருக்கும். அதை நீக்கிவிட்டு டைப் 0 (பிங் பதில்), அடையாள எண், வரிசை எண் மூன்றையும் பாருங்கள். உங்களுடையது என்றால் பிபஃப்பை விடுவித்து 1 திருப்புங்கள். இல்லையென்றால் ஹெடரைப் பழையபடி சேர்த்து 0 திருப்புங்கள்.

பின்னர் சேர்த்தது: சில நேரம் ஓடி, சில நேரம் ஹார்ட்ஃபால்ட் (கடும் பிழையால் சிப் நின்றுபோவது) ஆகிறதா? ரா ஏபிஐயை உங்கள் டாஸ்க்கிலிருந்து நேரடியாக அழைத்திருப்பீர்கள். டிசிபிஐபி_கால்பேக் வழியாக எல்டபிள்யூஐபியின் சொந்த டாஸ்க்குக்கு அனுப்புங்கள். முதல் பிங் மட்டும் தாமதமானால் அது ஏஆர்பி (எதிர்முனையின் வன்பொருள் முகவரியைத் தேடுவது), விட்டுவிடலாம்.