நெல்லையில் பவளத் தொட்டி: உப்பு, வெயில், கரண்ட் கட்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: தூத்துக்குடி ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது, உப்பும் அங்கே, கடல் தண்ணியும் அங்கே, அப்புறம் எதற்கு மரைன் சால்ட் என்று பெட்டி உப்புக்கு அவ்வளவு காசு கொடுக்க வேண்டும்?

உப்பளத்து உப்பு உதவாது. கடல் தண்ணியைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது அதில் கரைந்திருக்கும் எல்லாமே ஒன்றாகப் படிவதில்லை. சோடியம் குளோரைடு படிய ஆரம்பிக்கும் முன்பே கால்சியத்தில் பெரும்பங்கு ஜிப்சமாக இறங்கிவிடும். உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரோடு மக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடும். ஆக, ரோட்டோரம் குவித்து ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி வைத்திருக்கிற அந்த உப்பு, கருவாட்டுக்கு அருமையானது, பவளத்துக்கு வெறும் உப்பு. தொட்டித் தண்ணியில் லிட்டருக்கு 420 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம், 1300-ஐ ஒட்டி மக்னீசியம், காரத்தன்மை அதற்கான அளவான டி.கே.ஹெச்.சில் 8 முதல் 9 இருக்க வேண்டும். சமையலுப்பில் அயோடின் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கடல் தண்ணியையே கொண்டுவரலாம், அது வேறு கதை. ஆனால் துறைமுகப் பக்கமோ, ஆறு கலக்கிற புன்னக்காயல் பக்கமோ எடுக்கக் கூடாது. உவரி மாதிரி இடத்தில், தெரிந்த மீனவர் படகில் கரையை விட்டு நன்றாக உள்ளே போய், ஐப்பசி கார்த்திகை மழை இல்லாத காலத்தில் எடுக்க வேண்டும். கொண்டுவந்து மூடி போட்ட டிரம்மில் இருட்டாக வைத்து, கசடு அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணியை மட்டும் இறக்க வேண்டும். இதையெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்ய வண்டியும் முதுகும் தாங்குமா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் பெட்டி உப்புதான் மலிவு.

கலக்கும்போது தண்ணியில் உப்பைக் கொட்டுங்கள், உப்பின் மேல் தண்ணியை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், அப்புறம் அது கரையாது. பம்ப் போட்டு ஒரு ராத்திரி சுற்றவிட்டு, உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு), அடர்த்திக் கணக்கில் 1.026-ஐ ஒட்டி வந்த பிறகுதான் தொட்டிக்குப் போக வேண்டும். மீட்டரை வெறும் தண்ணியில் பூஜ்யம் பார்த்தால் போதாது, 35-க்கென்று விற்கிற அளவுத் திரவத்தில் சரிபார்க்க வேண்டும்.

கலக்குகிற தண்ணியும் முக்கியம். தாமிரபரணித் தண்ணி குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் நேராகத் தொட்டிக்கு ஆகாது, போர் தண்ணி பக்கமே போக வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. இருக்கிறதே என்பார்கள். அதில் பெரும்பாலும் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணியைத் திரும்பக் கலக்கிற ஒரு திருகு இருக்கும். அதை மூடிவிட்டு, கடைசியில் மிச்சமிருக்கிற உப்புகளையும் பிடித்துக்கொள்கிற டி.ஐ. ரெசின் குழாயும் மாட்டி, கரைந்திருப்பதை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டுகிற தண்ணியை மட்டும் பிடியுங்கள். பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் உள்ளே வந்தால் கல்லெல்லாம் பாசிதான்.

இப்போது பவளம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா. அதோடு 2001-ல் கடினப் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. பவளத்துக்கும் புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான். கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டை அழகுக்கு எடுத்து வைப்பதும் வில்லங்கம். ஆகவே ‘லைவ் ராக் இருக்கு அண்ணே, யாருக்கும் தெரியாம தர்றேன்’ என்று, உயிர்கள் ஒட்டியிருக்கிற கடல் பவளக் கல்லை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செயற்கையாகச் செய்த கல் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். மேலே வைக்க சோவாந்திட், மஷ்ரூம், லெதர் மாதிரி மென்மையான வகைகளைத் தொட்டியில் வளர்த்துப் பிரித்தவர்களிடம் பில்லோடு வாங்குங்கள். சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிற வெளிநாட்டு உயிரினம் வைத்திருந்தால் பதிவும் செய்ய வேண்டும், விற்கிறவரிடம் அதையும் கேளுங்கள். நிமோ மீனும் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததாகவே வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிட அது தொட்டித் தீனிக்குச் சீக்கிரம் பழகும்.

கல்லும் தண்ணியும் போட்ட பிறகு நாலு முதல் ஆறு வாரம் மீன் கிடையாது. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் முதல் மீன் வரலாம். நடுவில் கண்ணாடி முழுக்கப் பழுப்பாகப் படியும், பயப்பட வேண்டாம், தானாகப் போய்விடும்.

நம்ம ஊரில் தொட்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வெயில்தான். பவளத்துக்கு 25, 26 டிகிரி போதும். 2010-லும் 2016-லும் கோடையில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளிறிப்போயின. உள்ளே குடியிருக்கும் நுண்பாசியை அவை வெளியே தள்ளிவிடும், அதுதான் நிறமும் சாப்பாடும். அக்னி நட்சத்திரத்தில் மாடி வீட்டு ஹாலில் இருக்கிற தொட்டியை நினைத்துப் பாருங்கள். தண்ணியைக் குளிரவைக்கிற சில்லர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஆனால் அது விடுகிற சூட்டுக் காற்று அதே அறையில் சுற்றக் கூடாது. முடியாவிட்டால் தொட்டி மூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணி மேல் படுகிற மாதிரி ஃபேன். இங்கே காற்று வறண்டது என்பதால் தூத்துக்குடிக்காரரைவிட நமக்கு ஃபேன் நன்றாக வேலை செய்யும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். விளக்கை உச்சி வெயிலில் எரிய விடாமல் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டைமரில் போடுங்கள்.

ஃபேன் போட்டால் தண்ணி குறையும், உப்பு குறையாது. இதை மட்டும் மனசில் நிறுத்துங்கள். 250 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 5 லிட்டர் ஆவியானால், மூன்று நாளில் 35 இருந்த உப்பு 37-ஐத் தாண்டிவிடும். குறைந்ததை உப்புத் தண்ணியால் நிரப்பினால் இன்னும் மோசம், வெறும் ஆர்.ஓ. தண்ணிதான் ஊற்ற வேண்டும், அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. சாரல் காலத்துக் காற்றடிக்கும் ஆனி ஆடியில் இன்னும் வேகமாகக் குறையும் என்பதால் மிதவை வைத்துத் தானாக நிரப்புகிற ஏ.டி.ஓ. ஒன்று மாட்டிவிடுவது நல்லது. உப்பு 34 இருந்தாலும் பவளம் பிழைக்கும், 36 இருந்தாலும் பிழைக்கும். வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கினால்தான் சுருங்கிவிடும். காரத்தன்மைக்கும் அதே கணக்கு.

மென்பவளத் தொட்டிக்குக் கால்சியம் தனியாக ஊற்ற வேண்டியதில்லை, இரண்டு வாரத்துக்கொரு முறை பத்து சதவீதம் தண்ணி மாற்றினாலே வந்துவிடும். சுண்ணாம்புத் தண்ணி சொட்டவிடுகிறவர்கள் உண்டு. செய்வதானால் ஆய்வகத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள், வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் தொடாதீர்கள்.

கரண்ட் விஷயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டால் காலையிலிருந்து மதியம் வரை இருக்காது. மீன் முதலில் தவிப்பது ஆக்ஸிஜனுக்கு, அதுவும் சூடான தண்ணியில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். இன்வெர்ட்டரில் விளக்கும், நுரையில் அழுக்கைப் பிரிக்கிற ஸ்கிம்மரும் வேண்டாம், தண்ணியை அலை மாதிரி அசைக்கிற வேவ்மேக்கர் ஒன்று ஓடினால் போதும். தொட்டி அமைத்த அன்றே மெயின் பம்பை அணைத்துப் பாருங்கள்: மேலிருந்து திரும்பி வருகிற தண்ணியைக் கீழே உள்ள சம்ப், அதாவது வடிகட்டித் தொட்டி, தாங்குகிறதா, தரையில் வழிகிறதா என்று தெரிந்துவிடும்.

கொசுவர்த்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே எதுவும் அந்த அறையில் கூடாது. அவற்றில் இருக்கிற பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம், ஏர் பம்ப் அதை இழுத்துத் தண்ணியிலேயே ஊதிவிடும். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டிக்குள் கை விடுவதும் வேண்டாம். செம்பு கலந்த மருந்தை நோய்வாய்ப்பட்ட மீனுக்குத் தனித் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும்.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஏ.டி.ஓ. டிரம்மை நிரப்பிவிட்டு, தீனியை ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் என்று தனித்தனியாக மடித்துப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுங்கள். டப்பாவை ஒளித்து வைத்துவிடுங்கள். பாசமாகப் போடுகிறவர்கள் கை தாராளமாக இருக்கும்.