வானத்தில் அசையாமல் நின்ற வெளிச்சம்: அது எந்த விமானம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

போன மாதம் ஓர் இரவு மாடியில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம். எந்த நட்சத்திரத்தையும் விடப் பிரகாசம். சத்தமே இல்லை. மூன்று நிமிடம் இருந்த இடத்திலேயே நின்றது. பிறகு யாரோ ஸ்விட்சை அணைத்ததுபோல் மறைந்துவிட்டது. பறக்கும் தட்டு பார்த்தேன் என்று சொல்பவர்கள் ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தரையிறங்க வந்துகொண்டிருந்த சாதாரணப் பயணிகள் விமானம் அது. இதை உறுதிசெய்ய எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. அதில் நான்கு நாள் ஒரே ஒரு தவறால் வீணானது. அந்த இடம் மூன்றாவது படியில் வருகிறது.

படி 1: பார்த்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள்

மணி (நிமிடம் வரை சரியாக), திசை, உயரக் கோணம், எப்படி மறைந்தது. இந்த நான்கும் போதும். கோணத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள். நான் பார்த்தது அரை முஷ்டி உயரத்தில் இருந்தது.

வீடியோ எடுத்தால் ஜூம் செய்யாதீர்கள். ஒரு மரமோ சுவரோ சேர்ந்து தெரியும்படி எடுங்கள். கண்ணால் பார்க்கும்போதும் இப்படி ஒரு துணை வேண்டும். இருட்டில் தனியாக இருக்கும் ஒரே ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாவிட்டாலும் அலைவதுபோல் தோன்றும். கண்ணின் இயல்பு அது. சுவரின் ஓரத்தோடு சேர்த்துப் பார்த்தால் உண்மையில் நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

படி 2: நிறத்தையும் சிமிட்டலையும் பாருங்கள்

விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. இவை அணையாமல் எரியும். இவை போக, உடலின் மேலும் கீழும் சிமிட்டும் சிவப்பு விளக்கு, இறக்கை நுனிகளில் பளிச் பளிச்சென்று வெட்டும் வெள்ளை விளக்கு. சிவப்பு உங்களுக்கு வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் தெரிந்தால் விமானம் உங்களை நோக்கி வருகிறது.

ஆனால் நேராக வரும்போது பெரும்பாலும் இந்த நிறங்கள் தெரியாது. தரையிறங்கும்போது போடும் முன்விளக்கு அவ்வளவு வலுவானது. பொதுவாக 10,000 அடிக்குக் கீழே வந்தால் அதைப் போட்டுவிடுவார்கள். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட்டுக்குப் பின்னால் வண்டியின் நிறம் தெரியாமல் போவதுபோல, மற்ற விளக்குகள் எல்லாம் இதில் மூழ்கிவிடும். விமானம் திரும்பியதும் அந்த ஒளிக்கற்றை வேறு பக்கம் போய்விடும். உங்களுக்கு அது 'மறைந்துவிட்டது'.

சத்தம் கேட்காததை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 10 கி.மீ. உயரத்தில் நேர் மேலே பறக்கும் விமானத்தின் சத்தமே அரை நிமிடம் தாமதித்துத்தான் வந்து சேரும். 40 கி.மீ. தூரத்தில் இருப்பது கேட்கவே கேட்காது.

சிமிட்டாமல் ஒரே சீராக வானத்தைக் கடந்தால் செயற்கைக்கோள். மேற்கிலோ கிழக்கிலோ மணிக்கணக்காக நின்றால் வெள்ளிக் கோளா என்று, வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் பாருங்கள்.

படி 3: வரைபடத்தில் தேடுங்கள் (நான் தடுக்கி விழுந்த இடம்)

விமானங்கள் தங்கள் இருப்பிடத்தையும் உயரத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. அதைத் திரட்டிக் காட்டும் தளங்கள் ஃப்ளைட்ரேடார்24, ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் இரண்டும். இரண்டிலும் பழைய நேரத்துக்குப் போய் ஓட்டிப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. பார்க்க அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும், உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்பதற்காக எந்த விமானத்தையும் அது மறைப்பதில்லை. ஃபோனை வானத்தை நோக்கிப் பிடித்தால் விமானத்தின் பெயர் காட்டும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். இரும்புக் கம்பி பக்கத்தில் நின்றாலே ஃபோனின் திசைகாட்டி தடுமாறும்.

சரி, என் தவறு என்ன? என் வீட்டைச் சுற்றி 10 கி.மீ. வட்டத்துக்குள்ளேயே தேடினேன். அவ்வளவு பிரகாசமாக இருந்தால் பக்கத்தில்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வட்டத்துக்குள் எதுவும் இல்லை. 'வரைபடத்தில் இல்லாத பொருள்' என்றே கிட்டத்தட்ட முடிவுகட்டிவிட்டேன்.

இருட்டில் ஓர் ஒளிப்புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் சொல்லவே முடியாது. கோணம்தான் சொல்லும். ஒரு முஷ்டி உயரத்தில் தெரிந்தால், விமானம் தன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு தூரத்தில் இருக்கிறது. அரை முஷ்டி என்றால் பதினோரு மடங்கு. இரண்டு முஷ்டி என்றால் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதாவது 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானம் அரை முஷ்டியில் தெரிந்தால் அது 100 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது!

ஐந்தாவது நாள் வரைபடத்தை விரித்து, மேற்கே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டை ஒட்டித் தேடினேன். உடனே கிடைத்தது. 40 கி.மீ. தூரத்தில், 3 கி.மீ. உயரத்தில், என்னை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் கழித்து 23 கி.மீ. தூரம், உயரம் 2 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அப்போதுதான் ஓடுபாதைக்கு நேராக வருவதற்காகத் திரும்பியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு இடத்திலும் கோணம் நாலரை டிகிரிக்குப் பக்கம். 17 கி.மீ. பறந்து வந்திருக்கிறது, ஆனால் என் பார்வைக் கோட்டிலேயே சறுக்கி இறங்கியதால் அசையவே இல்லை.

அனுபவம் உள்ளவர்களுக்கும் இது நடக்கிறது. 2014 நவம்பர் 11 அன்று சிலி நாட்டுக் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று அகச்சிவப்புக் கேமராவில் ஒரு பொருளைப் படம்பிடித்தது. அவர்கள் நினைத்த இடத்தில் ரேடாரில் எதுவும் தெரியவில்லை. விசாரித்தும் விடை கிடைக்காமல், 2017 ஜனவரியில் அந்த வீடியோ வெளிவந்தது. ஆர்வலர்கள் விமானப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அது சாண்டியாகோவிலிருந்து கிளம்பிய ஐபீரியா நிறுவனத்தின் ஏ340 பயணிகள் விமானம் என்று சில நாட்களிலேயே காட்டிவிட்டார்கள். ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் தூரத்தையும் உயரத்தையும் தவறாகக் கணித்திருந்தார்கள்.

படி 4: முக்கோணம் தெரிந்தால்

மூன்று விளக்குகள் சேர்ந்து நகர்ந்தால் நடுவில் ஒரு கறுத்த உடல் இருப்பதுபோல் மூளை நிரப்பிக்கொள்ளும். ஒரு விமானத்தின் மூன்று விளக்குகளாகவும் இருக்கலாம், கூட்டமாகப் பறக்கும் மூன்று விமானங்களாகவும் இருக்கலாம். 1997 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் பலர் 'வி' வடிவில் ஒரு பெரும் கலம் போனதாகச் சொன்னார்கள். அதே வரிசையைத் தன் 10 அங்குலத் தொலைநோக்கியில் பார்த்த ஓர் இளைஞர், அவை தனித்தனி விமானங்கள் என்றார்.

வீடியோவில் மட்டும் முக்கோணம் தெரிந்தால் முதலில் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். அமெரிக்கக் கடற்படை எடுத்த, முக்கோணங்கள் பறப்பதுபோல் தெரியும் வீடியோ பற்றி 2022 மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவிடம் விளக்கிய அதிகாரிகள், அந்த வடிவம் இரவுப் பார்வைக் கருவியின் வழியே கேமராவில் பதிந்ததால் வந்தது, பறந்தவை ஆளில்லா விமானங்கள் என்றுதான் சொன்னார்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு முயன்ற இருவர், 'அந்த நேரத்தில் வரைபடம் காலியாக இருக்கிறது' என்று எழுதினார்கள். பழைய நேரத்தை ஓட்டும்போது தளம் காட்டுவது பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரம். உங்கள் நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தோ கூட்டியோ தேடுங்கள். தேதியே மாறிவிடக்கூடும், அதையும் கவனியுங்கள். இன்னொன்று, ஃப்ளைட்ரேடார்24-இல் இலவசக் கணக்குக்கு ஏழு நாள் வரைதான் பின்னால் போக முடியும். தள்ளிப்போடாதீர்கள்.

நேரம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லையா? ராணுவ விமானங்களும் சில சிறிய விமானங்களும் இருப்பிடத்தைச் சொல்லாமல் பறப்பதுண்டு. அப்போது 'விமானமாக இருக்கலாம், உறுதியில்லை' என்று எழுதிவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

ரயில்பெட்டிபோல் வரிசையாகப் போன விளக்குகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அவை விமானங்கள் அல்ல, 2019 மே முதல் கொத்துக்கொத்தாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள்.

அப்புறம், எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று ஒருவர் கேட்டார். பெரியது வேண்டாம், நகரும் பொருளை அதில் பிடிப்பது கடினம். 7x50 (7 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) இருகண் நோக்கி போதும். முழங்கைகளைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, அந்தப் பெரிய வெளிச்சம் மங்கும் கணத்துக்காகக் காத்திருங்கள். விமானம் திரும்பும் அந்த ஓரிரு விநாடியில் இறக்கை நுனியின் பச்சையோ சிவப்போ தனியாகப் பிரிந்து தெரியும்.